விண்வெளி வியப்புகளைக் கண்ணால் பார்க்க: புதியவர்களுக்கு முதல் ஆறு மாத வழிகாட்டி

வெள்ளிக் கோள் தன்னைத்தானே ஒருமுறை சுற்றிக்கொள்ள எடுக்கும் காலம் அது சூரியனைச் சுற்றிவர எடுக்கும் காலத்தைவிட அதிகம் என்பதையும், சனிக்கோளின் அடர்த்தி நீரின் அடர்த்தியைவிடக் குறைவு என்பதையும் படித்து வியந்தவர்கள் பலர். நானும் அப்படிப் படித்துப் படித்துத்தான் வானத்தின்மீது ஆசை கொண்டேன். அவற்றுள் ஒன்றையேனும் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தொலைநோக்கி ஒன்றை வாங்கினேன். நான்கு மாதங்கள் அதன் வழியாக எதையும் உருப்படியாகப் பார்க்க முடியவில்லை. கருவியில் குறை இல்லை. செய்ய வேண்டியவற்றை வரிசை மாற்றிச் செய்ததுதான் குறை. பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுங்கண்ணிலிருந்து தொடங்கியபோது, படித்த செய்திகள் ஒவ்வொன்றாகக் கண்முன் வந்து நின்றன. அந்த நான்கு மாத அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இந்த வரிசையை எழுதுகிறேன்.

1. முதல் மூன்று மாதங்களுக்கு எதையும் வாங்காதீர்கள்

இந்தக் கட்டத்திற்கான செலவு ஏறத்தாழ ஒன்றுமில்லை. ஒரு கோடு போட்ட நோட்டு, ஒரு பென்சில், சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிய சிறு டார்ச், படுத்துப் பார்க்க ஒரு பாய் ஆகியவை போதும். செல்பேசியிலோ கணினியிலோ ஸ்டெல்லேரியம் என்னும் வான்காட்டி மென்பொருளை நிறுவிக்கொள்ளுங்கள். கணினிக்கான பதிப்பு இலவசம்.

பணம் செலவழிக்கும் ஆசை இந்த மூன்று மாதங்களில்தான் மிகுதியாக வரும். வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாதவருக்கு எந்தக் கருவியும் உதவாது, ஏனென்றால் கருவி பெரிதாகப் பெரிதாக அது காட்டும் வானத்தின் பரப்பு சிறிதாகிக்கொண்டே போகும்.

2. நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுங்கள்

புதியவர்கள் முழுநிலா நாளில்தான் வானம் பார்க்க வருகிறார்கள். அன்றுதான் மிகக் குறைவாகத் தெரியும். மங்கலான விண்மீன்களையும் பால்வழியையும் பார்க்க, அமாவாசைக்கு முந்தைய ஒரு வாரமும் பிந்தைய மூன்று நான்கு நாட்களும் உகந்தவை. அந்த நாட்களின் முன்னிரவில் நிலவொளி இராது, அல்லது நிலா விரைவில் மறைந்துவிடும்.

நிலாவையே பார்ப்பதற்கும் முழுநிலா நாள் ஏற்றதன்று. அன்று சூரிய ஒளி நேர்க்கோட்டில் விழுவதால் நிழலே இல்லாமல் தட்டையான வெள்ளை வட்டமாகத் தெரியும். வளர்பிறையின் நான்காம் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை பாருங்கள். ஒளிக்கும் இருளுக்கும் இடைப்பட்ட எல்லைக்கோட்டில்தான் பள்ளங்களின் விளிம்புகளும் மலைகளின் நிழல்களும் எடுப்பாகத் தெரியும்.

இரண்டு கணக்குகளை மனத்தில் வைத்துக்கொண்டால் பல ஏமாற்றங்கள் நீங்கும். நிலா ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சராசரியாக 50 நிமிடம் தாமதமாக எழுகிறது. விண்மீன்களோ ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 4 நிமிடம் முன்னதாக எழுகின்றன. மாதத்திற்கு இரண்டு மணிநேரம். பூமி தன்னைச் சுற்றிக்கொள்ள உண்மையில் 24 மணிநேரம் ஆவதில்லை, 23 மணி 56 நிமிடம் 4 விநாடிதான் ஆகிறது. மீதி நான்கு நிமிடம், பூமி சூரியனைச் சுற்றி நகர்ந்துவிட்டதை ஈடுகட்டுவதற்கானது. இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஒரு சுவரின் விளிம்பில் ஏதேனும் ஒரு விண்மீன் மறையும் நேரத்தைக் குறித்துவையுங்கள். ஒரு வாரம் கழித்து, அதே இடத்தில் நின்று பார்த்தால், அது 28 நிமிடம் முன்னதாகவே மறைந்திருக்கும். பூமியின் சுற்றை ஒரு சுவரும் கடிகாரமும் கொண்டு அளந்த அந்த நாளை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஒரு விண்மீன் கூட்டத்தைத் தேடி அது காணாமல் போயிற்றே என்று கவலைப்படுவதற்குமுன் மாதத்தைப் பாருங்கள். ஓரியன் கூட்டம் ஜனவரியில் மாலையிலேயே உயரத்தில் நிற்கும். ஜூன் மாதத்தில் அது சூரியனின் பக்கம் போய்விடும்.

3. கண்ணை இருளுக்குப் பழக்குங்கள்

வெளிச்சத்திலிருந்து இருளுக்கு வந்த கண் முழுமையாகப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும். மங்கலான ஒளியை உணரும் விழித்திரைச் செல்களில் அதற்கான நிறமி மெல்ல மெல்லத்தான் சேர்கிறது. ஒருமுறை செல்பேசித் திரையைப் பார்த்தால் சேர்ந்ததில் பெரும்பகுதி அழிந்துவிடும். மறுபடியும் அரை மணிநேரம் காத்திருக்க வேண்டும். பலர் செய்யும் தவறு இதுதான். வரைபடத்தை முன்கூட்டியே தாளில் வரைந்து எடுத்துச் செல்லுங்கள். படிப்பதற்கு மங்கலான சிவப்பு ஒளியை மட்டும் பயன்படுத்துங்கள்.

கண் பழகிய பிறகு இன்னொரு பயிற்சி உண்டு. மிக மங்கலான ஒன்றை நேராகப் பார்க்காமல் அதற்குச் சற்று பக்கவாட்டில் பார்வையைச் செலுத்தினால், அது தெளிவாகத் தெரியும். விழித்திரையின் நடுப்பகுதியைவிட ஓரப்பகுதிக்கு மங்கலான ஒளியை உணரும் ஆற்றல் அதிகம்.

4. ஆவணங்கள்: வரைபடமும் குறிப்பேடும்

சுழலும் வட்ட அட்டை வடிவிலான விண்மீன் வரைபடம் வாங்குவதாக இருந்தால், அதில் எந்த அகலாங்கிற்கானது என்று அச்சிட்டிருப்பதைப் பாருங்கள். 50 பாகை வடக்கிற்கு உரிய அட்டையை நிலநடுக்கோட்டுக்கு அருகில் இருப்பவர் பயன்படுத்தினால், அட்டையில் இருப்பது வானத்தில் இராது, வானத்தில் இருப்பது அட்டையில் இராது. அட்டையில் கோள்கள் குறிக்கப்பட்டிருக்கமாட்டா, ஏனென்றால் அவை இடம்மாறிக்கொண்டே இருப்பவை. வரைபடத்தில் இல்லாத பொலிவான புள்ளி ஒன்று வானத்தில் தெரிந்தால், அது பெரும்பாலும் ஒரு கோளாகத்தான் இருக்கும்.

குறிப்பேட்டில் ஒவ்வோர் இரவும் தேதி, தொடங்கிய நேரம், வானத்தின் தெளிவு, பார்த்தது, அதன் நிறம் ஆகிய ஐந்தையும் எழுதுங்கள். நேரத்தை நிமிடம் வரை குறிக்கும் பழக்கம் பத்தாவது படியில் கைகொடுக்கும்.

5. வெறுங்கண்ணால் பார்க்க வேண்டியவை

முதலில் நிறங்களைப் பாருங்கள். ஓரியன் கூட்டத்தில் திருவாதிரை செம்மஞ்சளாகவும் ரைஜெல் நீலவெண்மையாகவும் இருப்பதை ஒன்றை அடுத்து ஒன்றாக மாறிமாறிப் பார்த்தால் உணரலாம். நாம் சிவப்பைச் சூட்டின் அடையாளமாகக் கருதிப் பழகியவர்கள். விண்மீன்களில் அது நேர்மாறு. திருவாதிரையின் மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 3,500 கெல்வின், ரைஜெலினுடையது ஏறத்தாழ 12,000 கெல்வின். ஆயினும் திருவாதிரை மிகப் பெரியது. அதைச் சூரியனின் இடத்தில் வைத்தால் பூமியின் பாதையும் செவ்வாயின் பாதையும் அதனுள்ளே அடங்கிவிடும். 2019-ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து 2020 பிப்ரவரி வரை இது மங்கியது வெறுங்கண்ணுக்கே புலப்பட்டது. அது உமிழ்ந்த பொருள் குளிர்ந்து தூசியாகி அதன் முகத்தையே மறைத்ததுதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. குறிப்பேட்டில் அதன் பொலிவை முறையாக எழுதி வந்தவர்கள் அந்த மங்கலைத் தம் கண்ணாலேயே பதிவு செய்தார்கள்.

அடுத்து, தொலைவு. வெறுங்கண்ணுக்கு லட்சக்கணக்கான விண்மீன்கள் தெரிவதாகப் பலர் நம்புகிறார்கள். வானம் முழுவதையும் சேர்த்தாலே சில ஆயிரங்கள்தான். நல்ல இருளில் ஒரே நேரத்தில் தெரிபவை ஏறத்தாழ 2,500 என்று கொள்ளலாம். சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள பிராக்சிமா சென்டாரி 4.24 ஒளியாண்டுத் தொலைவிலேயே இருந்தும் வெறுங்கண்ணுக்குத் தெரியாது (ஒளியாண்டு என்பது ஒளி ஓராண்டில் கடக்கும் தொலைவு). விண்மீன்களில் மிகப் பெரும்பான்மையானவை அதைப் போன்ற செங்குள்ளர்களே, அதாவது சிறிய, மங்கலான செந்நிற விண்மீன்களே. அவற்றில் ஒன்றைக்கூட வெறுங்கண்ணால் பார்த்துவிட முடியாது. நாம் அண்ணாந்து பார்க்கும் வானம் பொலிவில் மிக்க ஒரு சிறுபான்மையின் வானம் என்பதை அறிந்தபின் நான் அதைப் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

உங்கள் வயதுக்கு நெருங்கிய தொலைவிலுள்ள விண்மீன் எது என்று தேடிக் குறித்துவையுங்கள். அபிஜித் 25 ஒளியாண்டு, சுவாதி 37, ரோகிணி 65. முப்பத்தேழு வயதுடைய ஒருவர் இன்றிரவு சுவாதியிலிருந்து பெறும் ஒளி, அவர் பிறந்த ஆண்டில் அங்கிருந்து புறப்பட்டது.

சப்தரிஷி மண்டலம் தெரியும் இடத்தில் இருப்பவர்கள் வசிட்டரையும் அருந்ததியையும் தவறவிட வேண்டாம். வெறுங்கண்ணுக்கு இரண்டு புள்ளிகள். சிறு தொலைநோக்கியில் வசிட்டரே இரண்டாகப் பிரியும். நிறமாலையைப் பகுத்துப் பார்த்தால் அந்த இரண்டும் தனித்தனியே இரட்டை. 2009-இல் அருந்ததிக்கும் ஒரு மங்கலான துணை இருப்பது கண்டறியப்பட்டது. இரண்டென்று நினைத்தவை ஆறு.

கடைசியாக, அடிவானத்தில் எழும் நிலா பெரிதாகத் தோன்றும்போது கையை முழுமையாக நீட்டிச் சுண்டுவிரல் நகத்தால் அதை மறைத்துப் பாருங்கள், முழுதும் மறைந்துவிடும். சில மணிநேரம் கழித்து, உச்சியில் சிறிதாகத் தோன்றும்போதும் அப்படியே செய்யுங்கள். இரண்டு முறையும் நகம் மறைக்கும் அளவு ஒன்றே. மாறியது நிலா அன்று, நம் மூளையின் கணிப்பு.

6. நான்காம் மாதத்தில் பைனாகுலர்

முதல் செலவு இதுவாக இருக்கட்டும். 10×50 என்றோ 7×50 என்றோ அச்சிட்ட கருவியைத் தேர்ந்தெடுங்கள். முதல் எண் உருப்பெருக்கம், இரண்டாவது எண் முன்வில்லையின் விட்டம், மில்லிமீட்டரில். 50 மி.மீ. வில்லை, இருளுக்குப் பழகிய கண்ணின் பாவையைவிட ஏறத்தாழ 50 மடங்கு அதிக ஒளியைச் சேகரிக்கிறது. பத்து மடங்குக்கு மேற்பட்ட உருப்பெருக்கத்தைக் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. கை நடுக்கத்தில் விண்மீன்கள் கோடுகளாக ஆடும். உருப்பெருக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய வகையையும், முன்வில்லையில் பளிச்சென்ற சிவப்புப் பூச்சு பூசிய வகையையும் தவிர்த்துவிடுங்கள். இரண்டிலும் காட்சி மங்கும்.

வாங்கும் இடத்திலேயே தொலைவிலுள்ள ஒரு கம்பத்தைப் பார்த்துச் சோதியுங்கள். உருவம் இரண்டாகத் தெரிந்தாலோ, சில நிமிடங்களில் கண் வலித்தாலோ இரு குழல்களும் ஒருபோக்கில் இல்லை என்று பொருள், அதை வாங்காதீர்கள். திருப்பிக் கொடுக்கும் கால அளவை ரசீதில் எழுதி வாங்கிக்கொண்டு, அந்தக் காலத்திற்குள் ஓர் இரவேனும் விண்மீன்களைப் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் பகலில் தெரியாத குறைகளைப் புள்ளியான ஒளி காட்டிக்கொடுத்துவிடும்.

வாங்கியதும் வியாழனைப் பாருங்கள். முழங்கைகளைச் சுவரின்மேல் ஊன்றி, மூச்சை நிதானப்படுத்திப் பாருங்கள். கோளின் இருபுறமும் ஒரே கோட்டில் ஊசிமுனை போன்ற புள்ளிகள் இரண்டோ மூன்றோ நான்கோ தெரியும். அவை வியாழனின் நிலாக்கள். அவற்றின் இடத்தை ஒரு கோட்டில் புள்ளிகளாகக் குறித்துவையுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மீண்டும் குறித்தால் வரிசை மாறியிருக்கும். ஐயோ 1.77 நாளிலும், யூரோப்பா 3.55 நாளிலும், கனிமீடு 7.15 நாளிலும், கலிஸ்டோ 16.69 நாளிலும் வியாழனைச் சுற்றுகின்றன. முதல் மூன்றின் காலங்களும் ஒன்றுக்கொன்று ஏறத்தாழ இருமடங்கு என்பதைக் கவனியுங்கள். அந்த ஒழுங்கினால் விளையும் ஈர்ப்பு இழுபறியே ஐயோவின் உட்பகுதியைப் பிசைந்து சூடாக்கி, அதை நம் சூரியக் குடும்பத்திலேயே எரிமலைகள் மிகுந்த உலகமாக வைத்திருக்கிறது. இரண்டு வாரம் விடாமல் குறித்துவந்தால் அந்தக் காலங்களை உங்கள் தாளிலிருந்தே கணக்கிட்டுவிடலாம்.

நல்ல இருளில் ஆண்ட்ரோமெடா விண்மீன் திரளையும் தேடுங்கள். பக்கப்பார்வையில் நீள்வட்டமான சாம்பல்நிறப் புகை போலத் தெரியும், அவ்வளவுதான். அந்த ஒளி புறப்பட்டு ஏறத்தாழ 25 லட்சம் ஆண்டுகள் ஆகின்றன.

7. தொலைநோக்கி வாங்குவதானால்

பெட்டியின்மேல் பெரிய எழுத்தில் ஐந்நூறு மடங்கு, அறுநூறு மடங்கு என்று அச்சிட்டிருந்தால் அதை அங்கேயே வைத்துவிடுங்கள். நான் விழுந்த குழி இதுதான். ஒரு தொலைநோக்கியின் பயனுள்ள உருப்பெருக்கத்திற்கு எல்லை, முன்வில்லை அல்லது ஆடியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து இரண்டால் பெருக்கினால் வரும் எண். 70 மி.மீ. கருவிக்கு அது 140. அதற்கு மேல் போனால் மங்கலான பெரிய கறைதான் தெரியும். பணத்தை உருப்பெருக்கத்துக்கு அன்றி, விட்டத்துக்கும் ஆடாத தாங்கிக்கும் கொடுங்கள். தொட்டால் சில விநாடிகள் நடுங்கிக்கொண்டிருக்கும் முக்காலியில் எவ்வளவு நல்ல வில்லையும் வீண்.

முதல் நாள் பகலிலேயே, தொலைவிலுள்ள ஒரு கோபுர முனையைப் பெரிய குழலின் நடுவில் நிறுத்தி, குறிபார்ப்பதற்காக அதன்மேல் பொருத்தியிருக்கும் சிறு துணைக்குழலின் குறுக்குக்கோடும் அதே முனையில் வரும்படித் திருகாணிகளைச் சரிசெய்யுங்கள். நான் இதைச் செய்யாமல் நான்கு மாதங்கள் இருட்டில் துழாவினேன். பத்து நிமிட வேலை.

நூறு மடங்கில் சனியைப் பிடித்தால் அது ஓரிரு நிமிடத்தில் காட்சியின் விளிம்பைத் தாண்டி ஓடிவிடும். அது கருவியின் கோளாறு அன்று. பூமியின் சுழற்சியைத்தான் அங்கே நேரடியாகப் பார்க்கிறீர்கள். சனியின் வளையங்கள் 2025 மார்ச்சில் நமக்கு விளிம்பை மட்டும் காட்டி ஏறக்குறைய மறைந்துபோயின. ஏறத்தாழ 2,80,000 கிலோமீட்டர் குறுக்களவுள்ள முதன்மை வளையங்களின் தடிமன் பல இடங்களில் சில பத்து மீட்டரே என்பதால்தான் அவ்வாறு மறைகின்றன. அதன்பின் சில ஆண்டுகளுக்கு அவை ஆண்டுக்கு ஆண்டு அகன்று தெரியும்.

ஒளிப்படங்களில் கண்ட நிறங்களை எதிர்பார்க்க வேண்டாம். ஓரியன் கூட்டத்திலுள்ள ஒளிரும் வளிம முகிலான ஓரியன் நெபுலா கண்ணுக்குச் சாம்பல்நிறமாகவோ மெல்லிய பச்சையாகவோதான் தெரியும். அந்தச் சிவப்பு, நீண்ட நேரம் ஒளியைச் சேகரித்த ஒளிப்படக்கருவிக்கு உரியது.

8. சூரியனைப் பற்றிய எச்சரிக்கை

பைனாகுலராலோ தொலைநோக்கியாலோ சூரியனைப் பார்த்தால் ஒரு நொடியில் பார்வை நிரந்தரமாகப் போகலாம். வடிகட்டி எப்போதும் கருவியின் முன்புறத்தில், ஒளி நுழையும் இடத்தில் இருக்க வேண்டும். கண்ணருகு வில்லையில் திருகும் சிறு வடிகட்டி, குவிந்த வெப்பத்தில் வெடித்துவிடக்கூடும். உங்கள் கருவியுடன் வந்திருந்தால் அதை எறிந்துவிடுங்கள். கிரகணம் பார்க்கும் அட்டைக்கண்ணாடியை அணிந்துகொண்டு பைனாகுலரில் பார்ப்பதும் அதே அளவு ஆபத்து.

9. சான்றிதழ்களும் பொய்ச் செய்திகளும்

ஆர்வம் மிகுந்திருக்கும் இந்தக் காலத்தில், ஒரு விண்மீனுக்கு உங்கள் பெயரைச் சூட்டித் தருவதாக அழகான சான்றிதழ் விற்பவர்கள் கண்ணில் படுவார்கள். விண்பொருள்களின் பெயர்களை அதிகாரபூர்வமாக ஏற்பது பன்னாட்டு வானியல் ஒன்றியம். அது பெயர்களை விற்பதில்லை. அந்தத் தாளை எந்த வானியலாளரும் ஏற்கமாட்டார். நிலாவில் மனை விற்கும் பத்திரமும் அப்படியே. 1967-ஆம் ஆண்டின் விண்வெளி உடன்படிக்கை, விண்பொருள்களின்மேல் எந்த நாடும் இறைமை கொண்டாடுவதைத் தடுக்கிறது. அந்த மனையின்மேல் விற்பவருக்கு உரிமை தந்தவர் யாரும் இல்லை.

செய்திகளைப் பொறுத்தவரை, பரவலாகச் சொல்லப்படும் மூன்றை மட்டும் சொல்கிறேன். செவ்வாய் முழுநிலா அளவு தெரியும் என்பது ஆகஸ்ட் மாதங்களில் திரும்பத் திரும்ப வரும் பொய். 2003 ஆகஸ்டில் செவ்வாய் மிக நெருங்கி வந்தபோதுகூட அதன் தோற்ற விட்டம் நிலாவின் விட்டத்தில் எழுபதில் ஒரு பங்குதான். நாம் பார்க்கும் விண்மீன்களில் பெரும்பாலானவை எப்போதோ இறந்துவிட்டன என்பதும் தவறு. வெறுங்கண்ணுக்குத் தெரிபவை பெரும்பாலும் சில ஆயிரம் ஒளியாண்டுகளுக்குள் இருப்பவை, அவற்றின் ஆயுளோ பல பத்து லட்சம் முதல் பல நூறு கோடி ஆண்டுகள் வரை. ஆகவே அநேகமாக எல்லாம் இப்போதும் இருக்கின்றன. மூன்றாவது, தொடக்கத்தில் நான் சொன்ன வெள்ளிக் கோள் செய்தி. தன்னைச் சுற்ற 243 நாள், சூரியனைச் சுற்ற 225 நாள் என்பது உண்மை. ஆனால் அது எதிர்த்திசையில் சுழல்வதால், அங்கே ஒரு சூரிய உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே 117 நாள்தான். ‘நாள்’ என்ற சொல்லை எந்தப் பொருளில் எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்காமல் எந்தச் செய்தியையும் குறிப்பேட்டில் ஏற்றாதீர்கள்.

10. ஆறாம் மாதம்: ஒரு விண்மீன் மங்குவதைப் பாருங்கள்

இதற்கு வெறுங்கண்ணே போதும். பெர்சியஸ் கூட்டத்திலுள்ள அல்கோல் ஒவ்வொரு 2 நாள் 20 மணி 49 நிமிடத்துக்கும் ஒருமுறை மங்குகிறது. அது ஒற்றை விண்மீன் அன்று. பொலிவு குறைந்த துணை, பொலிவு மிக்கதன் முன்னே கடந்துபோகும்போது நமக்கு ஒளி மூன்றில் ஒரு பங்காகக் குறைகிறது. வடக்கு வானத்தில் இருப்பதால், தென்கோடியில் இருப்பவர்களைத் தவிர மற்றவர்கள் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை வசதியாகப் பார்க்கலாம்.

மங்கும் நேரங்களை வான்காட்டி மென்பொருள்களிலோ வானியல் இதழ்களிலோ முன்கூட்டியே பார்த்து, முன்னிரவில் விழும் நாளைத் தேர்ந்தெடுங்கள். ஐந்து மணிநேரம் மங்கும், ஐந்து மணிநேரம் மீளும். முழுவதும் விழித்திருக்கத் தேவையில்லை. அரை மணிக்கு ஒருமுறை வெளியே வந்து, அருகிலுள்ள அல்மாக் என்னும் விண்மீனுடன் ஒப்பிட்டு எழுதுங்கள். நான் முதன்முதலில் பார்த்த இரவில் ஏழு மணிக்கு இரண்டும் சமமாக இருந்தன. எட்டரைக்கு, குறைந்ததா இல்லையா என்று எனக்கே ஐயம். பத்து மணிக்கு ஐயம் இல்லை. பெர்சியஸின் வடிவத்தில் ஒரு மூலை காணாமற்போனது போல இருந்தது.

முகில் மறைத்துவிட்டால் மூன்றாம் நாள் இரவு, ஏறத்தாழ மூன்று மணி பத்து நிமிடம் முன்னதாக, அடுத்த வாய்ப்பு வரும். இவ்வாறு எழுதிய மதிப்பீடுகளைத் தேதியும் நேரமும் சேர்த்து, பொலிவு மாறும் விண்மீன்களைக் கண்காணிக்கும் அமெரிக்கச் சங்கமான ஏஏவிஎஸ்ஓ-வுக்கு அனுப்பலாம். உலகெங்கும் உள்ள பொழுதுபோக்குப் பார்வையாளர்களிடமிருந்து அது குறிப்புகளை ஏற்கிறது. அனுப்பும்போது உள்ளூர் நேரத்தை உலகப் பொது நேரமாக மாற்ற மறக்காதீர்கள்.